பின் இருக்கையின் பௌதிகம்

மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸ் காரின் நீண்ட வடிவத்தில் முன் சில்லின் நடுவுக்கும் பின் சில்லின் நடுவுக்கும் இடையில் 3,216 மில்லிமீற்றர். அதன் பரம்பரைப் போட்டியாளரான பி.எம்.டபிள்யூ 7 வரிசையின் இப்போதைய காரில் 3,215. ஔடி ஏ8 இன் நீண்ட வடிவத்தில் 3,128, லெக்ஸஸ் எல்.எஸ். காரில் 3,125. போட்டிக்காரனின் காரை விலைக்கு வாங்கிப் பிரித்து மேய்வது இந்தத் தொழிலில் வழமைதான். அப்படியிருந்தும் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு ஆட்கள் கீறிய கார்கள் ஒரு மில்லிமீற்றர், மூன்று மில்லிமீற்றர் வித்தியாசத்தில் வந்து நிற்கின்றன என்றால், அந்த அளவை ஆசை மட்டும் தீர்மானித்திருக்காது. ஒரு கணக்கும் கூட இருந்திருக்கிறது.

ஒவ்வொரு பெரிய கார்க் கம்பனியும் தன் வரிசையின் உச்சியில் ஒரு நீளமான செடானை நிறுத்தி வைத்திருக்கும். அதுதான் முதன்மைக் கார். விற்பது கொஞ்சம், பேச்சு நிறைய. மற்றக் கார்களைச் சாரதி ஆசனத்திலிருந்து பார்த்துக் கட்டுவார்கள்; இதைப் பின் இருக்கையில் சாய்ந்திருப்பவருக்காகக் கட்டுவார்கள். எங்கள் கிண்ணியாவில் சவூதி, கட்டார், டுபாய் என்று வீட்டுச் சாரதி வேலைக்குப் போய் வந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களில் பெரிய கார் ஓட்டியவர்களைப் பிடித்துக் கார் எப்படி என்று கேட்டால், எஞ்சினின் குதிரைவலுவைப் பற்றிப் பேச்சே வராது. ஏசி எவ்வளவு சீக்கிரம் குளிர்ந்தது, முதலாளியான கபீல் பின்னால் ஏறி எங்கே போவதற்குள் தூங்கிப்போனார் என்றுதான் கதை வரும். சஞ்சிகைகளில் வரும் ஒப்பீட்டு அட்டவணைகளைவிட எனக்கு இந்த அளவுகோலில் நம்பிக்கை அதிகம். முதன்மைக் கார்கள் போட்டி போடுவது கழித்தல் கணக்கில்: குலுக்கலைக் கழி, சத்தத்தைக் கழி, ஆட்டத்தைக் கழி. கழிக்கக் கழிக்க விலை ஏறுகிறது.

குலுக்கலில் தொடங்கலாம். அதற்கு நம்மூர்ப் பாலமே போதும். 2009 ஒக்டோபர் 20 இல், சவூதி நிதியுதவியோடு கட்டித் திறந்தபோது கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். நாட்டிலேயே மிக நீளமான பாலம் என்றார்கள். அதற்கு முன்னால் வெள்ளைமணல் பக்கம் போவதென்றால் பாதை என்ற மிதவையில் ஏறிக் காத்திருக்க வேண்டும். கொங்கிறீற்று வெயிலில் நீளும். வெப்பநிலை 10 பாகை ஏறினால் 396 மீற்றர் கொங்கிறீற்று ஏறத்தாழ நாலு சென்டிமீற்றர் நீண்டுவிடும். அந்த நீட்சிக்கு இடம் விட்டுத்தான் இப்படியான பாலங்களில் தட்டுகளுக்கு இடையே மூட்டுப் போடுகிறார்கள். மூட்டின் மேல் சில்லு ஏறும்போது கேட்கும் ‘டக்’ எல்லா வாகனத்துக்கும் பொதுவானது. அது உள்ளே இருப்பவரின் இடுப்புக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு கார் செக்கனுக்கு 16.7 மீற்றர் ஓடுகிறது. நம் வீதிகளில் மலிந்து கிடக்கும் சுசுகி வகன் ஆரில் சில்லுகளுக்கு இடையே ஏறத்தாழ 2.46 மீற்றர். முன் சில்லு மூட்டில் ஏறி 0.15 செக்கனில் பின் சில்லும் ஏறிவிடும். எஸ் கிளாஸில் அந்த இடைவெளி 0.19 செக்கன். மூட்டு இரண்டு சென்டிமீற்றர் உயரம் என்று வைத்துக்கொண்டால், அதில் ஏறும்போது சிறிய கார் ஏறத்தாழ அரைப் பாகை மூக்கைத் தூக்கும். நீண்ட கார் அதில் முக்கால் பங்குதான் தூக்கும். இன்னொன்றும் உண்டு. சில்லுகள் விலகிப் போகப் போக, பின் இருக்கையைப் பின் அச்சிலிருந்து முன்னால் நகர்த்தி வைக்க இடம் கிடைக்கிறது. பஸ்ஸில் கடைசி வரிசையில் இருந்து மூதூர் போனவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அச்சுக்குப் பின்னால் இருப்பவர் தூக்கி எறியப்படுவார். இரண்டு அச்சுக்கும் நடுவில் இருப்பவர் தப்பிவிடுவார்.

நீளத்தை வைத்து மட்டும் முழுக்க வெல்ல முடியாது. முன்பக்கம் துள்ளி இறங்கும் நேரத்தில் பின்பக்கம் துள்ளி ஏறும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக ஆடினால் கார் தலையாட்டிக்கொண்டே போகும். ரோல்ஸ் ரொய்ஸிலும் பிறகு 1930களில் அமெரிக்காவில் கடிலாக்கிலும் வேலை செய்த மொரிஸ் ஒல்லி, காரின் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய பாரங்களை ஏற்றி ஓட்டி ஓட்டிப் பார்த்து ஒரு விடை கண்டுபிடித்தார். முன் வில்லைப் பின் வில்லைவிட மென்மையாக வை. பின்பக்கம் பிந்தித்தான் ஆடத் தொடங்கும். ஆனால் வேகமாக ஆடும். ஒரு ஆட்டம் முடிவதற்குள் அது முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும். பிறகு இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். ஒன்றாக ஏறி இறங்குவதை உடம்பு பொறுத்துக்கொள்ளும், தலையாட்டலைத்தான் பொறுக்காது. ஏறத்தாழ 90 வருடங்கள் கழித்தும் கார்க் கம்பனிகள் இந்த விதியிலிருந்துதான் தொடங்குகின்றன.

அந்த வில் எவ்வளவு மென்மையாக இருக்கலாம்? இதற்கு மனித உடம்பே இரண்டு பக்கமும் வேலி போட்டு வைத்திருக்கிறது. செக்கனுக்கு நாலு முதல் எட்டுத் தடவை மேலும் கீழும் குலுக்கினால் வயிற்றுக்குள் இருப்பவை பரிவுற்று ஆடும்; கையுழவு இயந்திரத்தின் பெட்டியில் இருந்து வயலுக்குப் போய் இறங்கியவரின் முகத்தில் அதன் பலன் தெரியும். மறுபக்கம், ஐந்து செக்கனுக்கு ஒரு தடவை என்ற மாதிரி மெதுவாகத் தூக்கி இறக்கினால் வாந்தி வரும். அது கொட்டியாரக்குடாவில் அலை அடிக்கும் நாளில் லோஞ்சில் போனவருக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவில், செக்கனுக்கு ஒரு தடவையை ஒட்டிய மீடிறன்தான் பாதுகாப்பான வழி. பெரிய கார்கள் அங்கேதான் குந்தியிருக்கின்றன. சிறிய கார்கள் ஒன்றரைப் பக்கம்.

சிறிய காரையும் அங்கே கொண்டு வந்தால் என்ன என்று கேட்கலாம். செக்கனுக்கு ஒரு தடவை ஆடும் உருக்கு வில், தான் தாங்கும் பாரத்தால் மட்டும் 25 சென்டிமீற்றர் அமுங்கியிருக்க வேண்டும். இது பள்ளிக்கூடப் பௌதிகத்தில் வரும் எளிய சமன்பாடு. ஒன்றரைத் தடவை என்றால் 11 சென்டிமீற்றர் போதும். மென்மையான வில்லில் மூன்று பேர் பின்னால் ஏறி, டிக்கியில் அரிசி மூட்டையும் வைத்தால் காரின் பின்பக்கம் வீதியை உரசும். இந்த இடத்தில்தான் காற்று வில் உள்ளே வருகிறது. உருக்குக்குப் பதிலாக இறப்பர் பை, அதற்குள் அழுத்தக் காற்று. பாரம் கூடினால் அமுக்கி இயந்திரம் இன்னும் கொஞ்சம் காற்றை அடைத்துக் காரைப் பழைய உயரத்துக்கே தூக்கிவிடும். காற்று இறுக இறுக வில்லும் அதே அளவு விறைப்பதால், ஆட்டத்தின் மீடிறன் ஏறக்குறைய மாறாமலே இருக்கும். ஒருவர் இருந்தாலும் ஐந்து பேர் இருந்தாலும் ஒரே சுகம். பிரான்சின் சிற்றோவென் டி.எஸ். 1955 இலேயே நைதரசன் அடைத்த உருண்டைகளையும் எண்ணெயையும் வைத்து இதைச் செய்து காட்டியது. எஸ் கிளாஸ் 1998 இலிருந்து காற்று வில்லோடு வருகிறது. 2013 இல் அதற்கு மேலும் ஒரு படி போனார்கள்: முன் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கமரா, அவை 15 மீற்றர் தூரம்வரை வீதியைப் பார்த்து மேடு பள்ளத்தை அளக்கும், சில்லு அங்கே போய்ச் சேருவதற்குள் வில் தன்னைத் தயார்செய்துகொள்ளும். 60 கிலோமீற்றர் வேகத்தில் அதற்குக் கிடைப்பது ஒரு செக்கனுக்கும் குறைவான நேரம். கணினிக்கு அது தாராளம்.

இனிச் சத்தம். இந்தக் கதையை டொயோட்டாவின் ஆடம்பரக் காரான லெக்ஸஸை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

1983 ஓகஸ்டில் டொயோட்டாவின் தலைவர் எய்ஜி டொயோடா ஓர் இரகசியக் கூட்டத்தைக் கூட்டி, உலகின் சிறந்த காருக்குச் சவால் விடும் கார் ஒன்றை நம்மால் செய்ய முடியுமா என்று கேட்டார். அதுவரை டொயோட்டா என்றால் மலிவு, உறுதி, எங்கும் உதிரிப்பாகம் கிடைக்கும் என்பதுதான் பெயர். ஆறு வருடம், 1,400 பொறியியலாளர்கள், ஏறத்தாழ 450 மாதிரிக் கார்கள். பிரதம பொறியியலாளர் இச்சிரோ சுசுகி வைத்த இலக்குகள் ஒன்றோடொன்று சண்டை பிடிப்பவை. மணிக்கு 250 கிலோமீற்றர் ஓட வேண்டும். ஆனால் பெற்றோல் குறைவாகக் குடிக்க வேண்டும். நூறை ஒட்டிய வேகத்தில் உள்ளே 58 டெசிபெல்லுக்கு மேல் கேட்கக் கூடாது. ஆனால் பாரமும் கூடக் கூடாது.

கடைசி இரண்டும் ஏன் சண்டை பிடிக்கின்றன? ஒரு தகட்டின் வழியே சத்தம் ஊடுருவாமல் தடுக்க எளிய வழி தகட்டைத் தடிப்பாக்குவது. திணிவை இரண்டு மடங்காக்கினால் 6 டெசிபெல் குறையும். காதுக்குச் சத்தம் பாதியாகக் கேட்க வேண்டுமென்றால் 10 டெசிபெல் அளவில் குறைய வேண்டும். அதாவது தடிப்பாக்கி மட்டும் சத்தத்தைப் பாதியாக்கப் பார்த்தால் தகட்டின் திணிவு மூன்று மடங்கைத் தாண்டிவிடும். அது காராக இருக்காது, லொறி. சுசுகியின் ஆட்கள் வேறு பக்கமாக வந்தார்கள். சத்தம் பிறந்த பிறகு போர்வை போட்டு மூடாமல், பிறக்கும் இடத்திலேயே பிடிக்கப் பார்த்தார்கள்.

எஞ்சினிலிருந்து பின் சில்லுக்குச் சுழற்சியைக் கொண்டு போகும் தண்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கராஜ்களில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்பார்கள். அது வளைந்து இணையும் மூட்டில் சிறு கோணம் இருந்தால், எஞ்சின் சீராகச் சுற்றினாலும் தண்டு சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை முந்திப் பிந்தும். உள்ளே அது ஒரு மெல்லிய ரீங்காரமாகக் கேட்கும். அப்படிப் பிறந்த லெக்ஸஸ் எல்.எஸ். 400 இல் எஞ்சின், கியர்பெட்டி, தண்டு மூன்றையும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் வைத்தார்கள். அடுத்தது சமநிலை. தண்டின் ஓரத்தில், நடுவிலிருந்து மூன்று சென்டிமீற்றர் தள்ளி வெறும் 10 கிராம் கூடுதலாக இருக்கிறதென்று வைப்போம். நிமிடத்துக்கு 5,000 சுற்றில் அது எட்டுக் கிலோ பாரத்தைத் தொங்கவிட்ட விசையோடு தண்டை இழுக்கும். அந்த இழுப்பு செக்கனுக்கு 83 தடவை திசை சுற்றி மாறும். சுற்று இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்கு. ஆகவே கிராம் கணக்கில் தேய்த்துத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. உற்பத்திச் செலவு போனது இங்கேதான். வாங்குபவரின் கண்ணுக்கு இதில் ஒன்றும் தெரியாது.

கண்ணுக்குத் தெரிய வைப்பதற்கு ஒரு விளம்பரம் எடுத்தார்கள். காரின் முன் மூடியின் மேல் 15 ஷம்பேன் கிண்ணங்களைக் கோபுரமாக அடுக்கி, சில்லுகளை உருளைகளின் மேல் வைத்து, மணிக்கு 233 கிலோமீற்றருக்குச் சமமான வேகம்வரை சுற்றவிட்டார்கள். ஒரு கிண்ணமும் விழவில்லை. விளம்பரம் உலகப் புகழ் பெற்றது. கொஞ்சம் நின்று யோசித்தால், கார் ஓரிடத்திலேயே நிற்கிறது. வீதியும் இல்லை, காற்றும் இல்லை, பாலத்து மூட்டும் இல்லை. அது நிரூபித்தது எஞ்சினின் சமநிலையையும் அதைத் தாங்கும் இறப்பர் தாங்கிகளையும் மட்டுந்தான். ஆனால் அந்த அளவில் அது நேர்மையான சோதனை.

1989 இல் அமெரிக்காவில் கார் வெளிவந்தபோது விலை 35,000 டொலர். அதே காலத்து மெர்சிடிஸ் 420 எஸ்.ஈ.எல். 60,000 டொலரைத் தாண்டியிருந்தது. அந்த வருடமே பிரேக் விளக்கின் மின்கம்பியிலும் வேகக் கட்டுப்பாட்டிலும் ஒரு குறை தெரிய வந்தது. ஏறத்தாழ 8,000 கார்களைத் திருப்பி அழைத்த கம்பனி, வாடிக்கையாளர்களை வரச் சொல்லாமல் தானே போய்க் கார்களை எடுத்து, திருத்தி, கழுவி, பெற்றோல் நிரப்பிக் கொண்டுபோய் விட்டது. 20 நாளில் எல்லாம் முடிந்தது. ஜேர்மன் கம்பனிகளை உலுக்கியது காரைவிட இந்த 20 நாள்தான் என்று நினைக்கிறேன்.

1991 இல் வந்த எஸ் கிளாஸில் மெர்சிடிஸ் கனத்தின் பக்கம் நின்று பதில் சொன்னது. யன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, பன்னிரண்டு உருளை எஞ்சின், இரண்டு தொன்னைத் தாண்டிய பாரம். அருமையான அமைதி. ஆனால் ஜேர்மனியின் பணக்காரர்கள் விடுமுறைக்குப் போகும் சில்ட் தீவுக்குக் கார்களை ஏற்றிப் போகும் ரயிலில் ஏற முடியாத அளவுக்கு அது அகலமாகப் போய்விட்டது என்று ஊரே சிரித்தது. பாதையில் ஏற இடமில்லாமல் கரையில் நின்ற லொறிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தச் சிரிப்பு நன்றாக விளங்கும். அடுத்த தலைமுறை எஸ் கிளாஸ் மெலிந்துபோய் வந்தது.

அமைதிக்கும் ஒரு கீழ் எல்லை இருக்கிறது. 2020 இல் ரோல்ஸ் ரொய்ஸ் தன் புதிய கோஸ்ட் காரை முற்றாகச் சத்தமற்றதாக்கப் போனபோது, உள்ளே இருந்தவர்களுக்குத் தலை ஒரு மாதிரியாகிவிட்டது. பாகங்களை எல்லாம் ஒரே சுருதிக்குக் கொண்டு வந்து, ஒரு மெல்லிய முணுமுணுப்பை வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். மின்சாரக் காரில் வேறொரு தொல்லை. எஞ்சின் இல்லாத காரில் அதுவரை எஞ்சின் மூடி வைத்திருந்த டயர்ச் சத்தமும் காற்றுச் சத்தமும் மேலே வந்து நிற்கும். காற்றுச் சத்தம் வேகத்தோடு பயங்கரமாக ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் 18 டெசிபெல் அளவில் கூடும். ஜேர்மனியின் ஆட்டோபானில் 200 இல் ஓடுபவருக்கு அதுதான் எதிரி. நமக்கு அப்படியில்லை. கிழக்கில் அதிவேக நெடுஞ்சாலையே கிடையாது. ஊருக்கு வெளியே காருக்குச் சட்டம் விட்டிருப்பது 70. அந்த வேகத்தில் காதுக்கு வருவது பெரும்பாலும் டயர். கரடுமுரடான தாரில் ஓடும் அகலமான, விறைப்பான டயர் இன்னும் கத்தும். ஆகவே 21 அங்குலச் சில்லோடு எடுப்பாக நிற்கும் காரைவிட, சின்னச் சில்லும் தடித்த டயரும் போட்ட அதே கார் திருகோணமலை வீதியில் அமைதியாக ஓடும். காசு கொடுத்துச் சத்தம் வாங்குபவர்களும் இருக்கிறார்கள்.

இவ்வளவும் யாரோ ஒரு பணக்காரரின் தூக்கத்துக்காக என்றால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கமாட்டேன். முதன்மைக் கார்தான் ஒரு கம்பனி புதிய தொழில்நுட்பத்தின் முதல் செலவை ஈடுகட்டும் இடம். முதல் ஆயிரம் பாகங்களுக்கு ஆகும் செலவைத் தாங்கக்கூடியவர் அதை வாங்குபவர் மட்டுந்தான். 1978 இல் பொஷ் கம்பனியோடு சேர்ந்து மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் ஏ.பி.எஸ். பிரேக்கைக் கொண்டு வந்தது. சடுதியாகப் பிரேக் அடித்தால் சில்லு பூட்டிக்கொள்ளும். பூட்டிய சில்லு வழுக்கும். வழுக்கும் டயரால் திரும்ப முடியாது. டயருக்கு அதிகப் பிடிப்பு இருப்பது அது பத்து, இருபது வீதம் வழுக்கிக்கொண்டு உருளும்போதுதான். ஏ.பி.எஸ். ஒவ்வொரு சில்லின் வேகத்தையும் அளந்து, செக்கனுக்குப் பல தடவை பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, சில்லை அந்த எல்லைக்குள்ளேயே வைத்திருக்கும். மழை பெய்து மணல் படிந்த வளைவில் உயிர் பிழைப்பது இதனால்தான். 1980 இன் முடிவில் சாரதிக்குக் காற்றுப்பை. 1995 இல் எஸ் கிளாஸின் இரண்டு கதவு வடிவத்தில் கார் தடம் மாறிச் சறுக்கும்போது தனித்தனிச் சில்லைப் பிடித்து நேராக்கும் ஈ.எஸ்.பி.

இந்தக் கடைசிப் பொருள் கீழே இறங்கிய கதை வேடிக்கையானது. 1997 இல் மெர்சிடிஸின் மிகச் சிறிய காரான ஏ கிளாஸை ஒரு சுவீடன் சஞ்சிகை சோதித்தது. வீதியில் திடீரென்று காட்டுமான் வந்தால் விலத்துவது போல வெட்டித் திருப்பியபோது கார் உருண்டுவிட்டது. அவமானத்தைத் துடைக்க, அதுவரை பெரிய கார்களுக்கே உரியதாக இருந்த ஈ.எஸ்.பி.யை ஏ கிளாஸ் எல்லாவற்றிலும் பொருத்த வேண்டியதாயிற்று. எண்ணிக்கை ஏறியது, விலை இறங்கியது, மற்றக் கம்பனிகளும் பின்னால் வந்தன. இன்று சூரங்கலிலோ ஆலங்கேணியிலோ முற்றத்தில் நிற்கும் ஜப்பான் சிறிய காரில் ஏ.பி.எஸ்.ஸும் காற்றுப்பையும் இருப்பதற்கு, எங்கேயோ யாரோ வாங்கிய எஸ் கிளாஸும் ஒரு காரணம்.

கடற்கரை ஊரில் இந்தக் கார்களின் மதிப்பு வேறு மாதிரி எடைபோடப்படும். ஔடி 1994 இல் ஏ8 இன் உடலை அலுமினியத்தில் செய்தது. ஜகுவார் 2003 இல் எக்ஸ்.ஜே.யை அலுமினியத் தகடுகளை ஒட்டியும் ஆணி அறைந்தும் கட்டியது. பாரம் குறைக்க அருமையான வழி. ஆனால் அலுமினியமும் உருக்கும் ஒன்றையொன்று தொட்டு, நடுவில் உப்புத் தண்ணீர் படிந்தால் அது ஒரு சின்ன மின்கலம். கரைவது அலுமினியம். இதை நம் மீனவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. படகின் வெளியிணைப்பு எஞ்சினில் நாகத் துண்டு பூட்டியிருப்பதே, அலுமினியம் கரைவதற்கு முன்னால் நாகம் கரையட்டும் என்றுதான். கார்க் கம்பனிகள் பசையாலும் பூச்சாலும் இரண்டு உலோகத்தையும் பிரித்து வைக்கின்றன. பூச்சு உரியாதவரை கவலையில்லை. ஒரு சின்ன மோதலுக்குப் பிறகு, தெரியாத கையில் சாதாரண இரும்பு ஆணி இறங்கினால் கதை மாறும்.

காற்று வில்லின் இறப்பர் பையும் அப்படித்தான். வெயிலும் வயதும் அதை வெடிக்க வைக்கும். மெல்லிய கசிவு தொடங்கினால் அமுக்கி இயந்திரம் ஓய்வில்லாமல் ஓடிக் கருகும். பைக்குக் கொடுக்க வேண்டிய காசு இரண்டு செலவாக வளரும். காலையில் கார் ஒரு பக்கம் சரிந்து குந்தியிருந்தால் அதுதான் அடையாளம். பழைய முதன்மைக் கார் மலிவாகக் கிடைக்கிறதென்று பாய்பவர்கள் விலை விழுந்தது காருக்கு மட்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். உதிரிப்பாகத்தின் விலை விழுவதில்லை. லெக்ஸஸ் இந்த இடத்தில் இன்றும் ஒரு படி முன்னால் நிற்பதற்குக் காரணம் பழைய டொயோட்டாப் புத்தி. புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்கு முன் அது எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்கும் புத்தி.

வரியும் காரைக் கீறுகிறது. இலங்கையில் பெற்றோல் காருக்கான தீர்வை எஞ்சினின் கன சென்டிமீற்றரை வைத்து ஏறும். மின்சாரக் காருக்குக் கிலோவாற்றை வைத்து. சீனாவிலும் பெரிய எஞ்சினுக்குப் பெரிய வரி. இப்படியான சந்தைகளை மனதில் வைத்துப் பார்த்தால்தான், 2016 இல் பி.எம்.டபிள்யூ தன் 7 வரிசைக்குள் 2 லீற்றர், நாலு உருளை எஞ்சினையும் மின்மோட்டாரையும் சேர்த்து 740இ என்று ஒன்றைச் செய்தது விளங்கும். முந்தைய தலைமுறைக்கு அது அவமரியாதையாகப் பட்டிருக்கும். இந்தியாவில் முழுக் காராக இறக்கினால் வரி கூட. துண்டுகளாக இறக்கிப் பூட்டினால் குறைவு. ஆகவே செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் 2007 இல் திறந்த பி.எம்.டபிள்யூ ஆலையில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 7 வரிசையைப் பூட்டுகிறார்கள். எஸ் கிளாஸ் புனேக்குப் பக்கத்தில் சாக்கனில் பூட்டப்படுகிறது. நமக்கு அந்த வழியும் இல்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதே வருடம் ஜனாதிபதி செயலகத்தின் ஆடம்பர வாகனங்கள் ஏலத்துக்கு வந்தன. ஏலத்தில் எடுத்தவர்களுக்கு வாழ்த்துகள். காற்று வில்லை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது போட்டி திரையிலும் தன்னோட்டத்திலும் நடக்கிறது. 2022 இல் வந்த 7 வரிசையில் பின் இருக்கைக்காரருக்குக் கூரையிலிருந்து 31 அங்குலத் திரை இறங்குகிறது. அதே வருடம் மே மாதம் ஜேர்மனியில் எஸ் கிளாஸுக்கு, நெரிசலில் 60 கிலோமீற்றர்வரை சாரதி கையை எடுத்துவிடலாம் என்ற வசதி விற்பனைக்கு வந்தது. திரையை நான் பெரிதாக எடுக்கவில்லை. ஐந்து வருடத்தில் கைபேசிக்குப் பக்கத்தில் அது பழையதாகத் தெரியும். தன்னோட்டம் கிண்ணியாவுக்கு வராது. அதற்குத் துல்லியமாக அளந்த நெடுஞ்சாலையும் அழியாத வெள்ளைக் கோடும் வேண்டும். நம் வீதியில் மாடு படுத்திருக்கும். காட்டுமானை அடையாளம் காணப் பழக்கிய வொல்வோ காரே அவுஸ்திரேலியாவில் கங்காரு துள்ளுவதைப் பார்த்துத் தூரத்தைக் கணிக்க முடியாமல் குழம்பியது.

ஆனால் தன்னோட்டத்தின் கண்கள் ஏற்கெனவே வந்துவிட்டன. முன்னால் எதுவும் தடுத்தால் தானே பிரேக் பிடிக்கும் கமரா, இன்று ஜப்பானிலிருந்து வரும் பல சிறிய கார்களின் முன் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. கல் தெறித்து வெடித்த கண்ணாடியை மாற்றும்போது கமராவையும் கழற்றித் திரும்பப் பூட்டுகிறார்கள். அது ஒரு பாகை விலகினாலே 100 மீற்றருக்கு அப்பால் 1.7 மீற்றர் தள்ளிப் பார்க்கும். பக்கத்தில் ஓரமாகப் போகும் ஓட்டோவை நேர் முன்னால் இருப்பதாக எடுத்துக்கொள்ளும், அல்லது நேர் முன்னால் நிற்கும் லொறியைக் கணக்கில் எடுக்காது. கண்ணாடி மாற்றிக் கொடுக்கும் கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன்னால், கமராவைத் திரும்ப நேராக்கிச் சரிபார்க்கும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள்.